கழற்றியல்

மாணாக்க, ஏட்டை விரி. இந்நூல் கழற்றலைக் கூறும். கழற்றல் யாதோ எனின், மார்பகப் புற்றுக்கு அறுவையும் கதிர்வீச்சும் பெற்றபின் கையில் நிணநீர் தேங்கி வீங்கிய ஒருத்தி, அவ்வீக்கம் மேலும் மிகாதிருக்கப் பகல் முழுதும் அணியுமாறு பணிக்கப்பட்ட இறுக்கமான உறையை, மாலைக்கு முன்னரே கையினின்று உரித்துக் கட்டில்மேலோ, கதவுக் கொண்டியிலோ, குளிர்ப்பெட்டியின் தலையிலோ வைப்பதாம். அவ்வுறையை மக்கள் சிலீவு என்பர். இந்நூலுள் அது அழுத்துறை எனப்படும். அணிதலை ஆய்ந்தோர் பலர். கழற்றலை வகைசெய்தார் இலர். அக்குறை இன்று நீங்குகிறது.

வகைக்குள் புகுமுன் கையை அறிக. அக்குளில் பொதுவாக 20 முதல் 40 வரை நிணக்கணுக்கள் உள. கையின் நிணநீர் இவற்றின் வழியே வடிந்து கழுத்தடியிற் குருதியொடு கலக்கும். காலில் முள் தைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதே, அந்நெறியும் இக்கணு இனத்ததே. புற்று பரவியதா என அறியவும், பரவியதை அகற்றவும் மருத்துவர் அக்குட் கணுக்களை எடுப்பர்; எஞ்சியவற்றைக் கதிர் சுடும். வடியும் வழி அடைபட, கை வீங்கும். 2013-இல் வெளிவந்த தொகுப்பாய்வொன்றின்படி, கணுக்களைத் தொகுதியாக எடுக்கப்பெற்றோருள் ஏறத்தாழ 5-இல் ஒருவர்க்கும், முதற்கணுவை மட்டும் எடுத்து ஆயப்பெற்றோருள் ஏறத்தாழ 20-இல் ஒருவர்க்கும் இது நேரும். அறுவையின் மறுநாளே வருவதன்று. திங்கள் பல கழித்தும் வரும், ஆண்டு சில கழித்தும் வரும். கையில் நீர் கோத்திருக்கிறது என்பர். நீர் மட்டுமாயின் நன்று. நாட்பட நாட்படக் கொழுப்பும் நாரும் உள்ளே சேர்ந்து தோல் தடிக்கும். விரலடித் தோலைக் கிள்ளி உயர்த்த இயலாமற் போகும். அக்கிள்ளலையே ஓர் அடையாளமாகச் சுடெம்மர் என்பார் 1976-இல் கால்விரலுக்கு வகுத்தார். கைவிரலுக்கும் அதனைக் கொள்வர்.

இதற்குரிய பண்டுவம் நான்கு உறுப்புடைத்து: தோல் பேணல், நீவி வடித்தல், கட்டுப் போடல், கை அசைத்தல். நீவி வடித்தலை டென்மார்க்கின் வொடர் இணையர் உருவாக்கி 1936-இல் பாரிசில் அவையேற்றினர். நான்கையும் ஒரு கோவையாக்கியோர் செருமனியில் போல்டி இணையர். இக்கோவை இரு பகுதியாக நிகழும். முதற்பகுதி 2 முதல் 4 கிழமை. பயின்ற இயன்முறையாளர் (பிசியோ) நாள்தோறும் நீவிக் கட்டுவார். அப்பகுதியிற் கழற்றல் அரிது, பிசியோ பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டாம் பகுதியில் அவரவர் வீட்டில் அவரவரே நீவி, அவரவரே அழுத்துறை அணிதல் வேண்டும். அதன் கால எல்லை வாழ்நாள். இந்நூலின் எல்லையும் அதுவே.

கழற்றல் ஆறு வகைப்படும். அவை வினைக் கழற்றல், வெயிற் கழற்றல், விழிக் கழற்றல், விலைக் கழற்றல், விடைக் கழற்றல், வீண்கழற்றல் என்பன. முதலெழுத்து ஒன்றி வருதலின் இவற்றை வகர ஆறு எனத் தொகுத்தும் கூறலாம். ஏழாவதாக மடிக் கழற்றல் ஒன்றுண்டு என்பாரும் உளர். அதனை அதன் இடத்திற் காண்போம்.

முதலாவது வினைக் கழற்றல். வினை என்றது ஈண்டு வீட்டுவேலையும் கூலிவேலையும். இஃது ஈரவினை, உலர்வினை என இருதிறப்படும்.

ஈரவினையாவது நீர், மாவு, புளி, வழலை ஆகியவற்றிற் கை நனைவது. அழுத்துறை அணியத் தக்க பொழுது படுக்கைவிட்டு எழுந்தவுடன். என்னையெனின், இரவெல்லாம் கிடந்த கை அப்பொழுதுதான் சற்றுச் சிறுத்திருக்கும். அதே பொழுது அடுப்படிக்கும் உரியது. ஒரு பொழுதுக்கு இருவர் உரிமை கொண்டாடின் அடுப்படி வெல்லும் என்பது வழக்கு. மறு கையில் இரப்பர் உறை மாட்டி, சுருக்கம் விழாமல் மணிக்கட்டினின்று சிறிது சிறிதாக மேலேற்றி, மூச்சு வாங்க அணிந்து முடித்தவள், இட்டிலிக்கு மாவு இன்னும் கரைக்கவில்லை என்பதை நினைந்து உரிப்பாளாயின் அது முற்கழற்றல். கரைத்துக் கழுவித் துடைத்து மீண்டும் அணிந்து, ஏனம் விளக்குதற்கு உரிப்பது இடைக்கழற்றல். பேரப்பிள்ளையைக் குளிப்பாட்ட உரித்தபின் மீண்டும் அணியாமை கடைக்கழற்றல். இம்மூன்றும் ஒரே காலையில் ஒரே கையில் நிகழக் காணலாம்.

இவற்றின் வேறாக, அணியாக் கழற்றல் என நான்காவது ஒன்று உண்டு. எப்படியும் கழற்றப் போகிறோம் என்று எண்ணி முதலிலேயே அணியாது விடுவது அது. அணியாததை எங்ஙனம் கழற்றுவது என்று வினவுவாய். எண்ணத்தில் அணிந்தாள், எண்ணத்திலேயே மாவு கரைத்தாள், எண்ணத்திலேயே உரித்தாள். ஆதலின் கழற்றலே என்க. ஒரு சார் ஆசிரியர் இதனை அணியாமை எனத் தனி இனமாக்குவர். அது பொருந்தாது. அணியாமைக்கு உறை இல்லாதிருத்தல் வேண்டும். இவளுக்கு உறை உண்டு, பேழையில் மடித்து வைத்திருக்கிறாள், உள்ளே பொடி தூவி.

உலர்வினைக் கழற்றல் களையெடுப்பிலும், தையற்பொறியிலும், பீடி சுற்றலிலும், பூக்கட்டலிலும் நிகழும். பூக்கட்டுவாளுக்குப் பெருவிரலை மூடும் உறை பகை. நாரில் முடிச்சு விழாது. முழம் கணக்கிற் கூலி பெறுபவள் முழத்தைப் பார்ப்பாளா, முழங்கையைப் பார்ப்பாளா?

வினைக் கழற்றலைச் சார்ந்து வருவது குடக் கழற்றல். எடை தூக்காதே, குடம் எடுக்காதே, பை சுமக்காதே என்று முன்னர்க் கடிந்து கூறினர். குழாயில் நீர் வரும் மணிக்கு மகனும் கணவனும் வீட்டிலிரார், குடம் தூக்கப்படும். ஒரு நெறி முறிந்தது. முறிந்தபின் மற்றதை மட்டும் காத்து என்ன என்று உறையும் உரிக்கப்படும். அந்தோ, முறித்த நெறியே உறுதியற்றது. கை வீங்கிய 141 பெண்டிரைக் கொண்டு அமெரிக்காவில் நிகழ்த்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், சிறிது சிறிதாக எடை கூட்டித் தூக்கியோர்க்கு வீக்கம் மிகவில்லை. தூக்கும்பொழுது அழுத்துறை அணிந்திருந்தனர். ஆகவே குடத்தை எடுத்து உறையை உரித்தவள், விடத்தக்க நெறியோடு பிடிக்கத்தக்கதையும் விட்டாள் என்பது நூல் முடிபு. அவளுக்கு அதனைக் கூறியவர் இலர் என்பது உரை.

இரண்டாவது வெயிற் கழற்றல். வியர்வை, அரிப்பு, மின்வெட்டு என மூன்று உட்பிரிவு. விளக்கம் வேண்டா. பண்டுவக் கோவையை முறைப்படுத்திய போல்டி இணையரின் மருத்துவமனை செருமனியின் கருங்காட்டு மலைப்பகுதியில் உள்ளது. அங்குக் கத்திரி வெயில் இல்லை.

மூன்றாவது விழிக் கழற்றல். கழற்றுவது அவள் கை. கழற்றுவிப்பது பிறர் கண். இதனை விழிக்கு உரியாரை நோக்கி மூன்றாகப் பகுப்பர்: அயலார் விழி, தையற்காரர் விழி, மணவீட்டார் விழி.

அயலார் விழி வினாவாகப் பிறக்கும். தீயிற் சுட்டுக்கொண்டாயா என்பது முதல் வினா. எலும்பு முறிந்ததா என்பது இரண்டாவது. உறை இல்லாத நாளில் கையைக் கண்டால், யானைக்கால் கைக்கும் வருமா என்பது மூன்றாவது. யானைக்கால் கொசுவழிப் புழுவினால் வருவது. இவள் வீக்கம் கணு எடுத்ததனால் வந்தது, யாருக்கும் ஒட்டாது. ஆயினும் வினவிய அயலாளை எளியள் என எண்ணற்க. அறுவை வல்லுநர் ஆல்சுட்டெடு 1921-இல் இதே வீக்கத்துக்கு யானைநோயின் பெயரையே, அறுவையால் விளைந்த யானைநோய் என அடைகொடுத்து, இட்டு எழுதினார். தெருமுனையில் நின்று அயலாள் அம்முடிபைத் தானே எய்தினாள்.

அழுத்துறையின் நிறமும் இப்பிரிவில் ஆயத்தக்கது. அதனை விற்போர் தோல்நிறம் என்பர். யார் தோல் என்பது அட்டைப்பெட்டியில் எழுதப்படவில்லை. வேலூர் வெயிலில் நிற்பாள் ஒருத்தியின் கையில் அது பத்தடிக்கு அப்பாலேயே தெரியும்.

தையற்காரர் விழி நுண்ணியது. வீங்கிய கைக்கு மேற்சட்டை தைக்க அவர் இரண்டு கைக்கும் இரண்டு அளவு எடுப்பார். குறிப்பேட்டில் வலம் இவ்வளவு, இடம் இவ்வளவு என எழுதுவார். ஒன்றும் கேட்கமாட்டார். கேளாமையே அவள் நெஞ்சை உறுத்தும். உறையோடு அளவு கொடுத்தாற் சட்டைக் கை தொளதொளக்கும், உறையின்றிக் கொடுத்தால் உறைமேல் ஏறாது. பட்டுச்சட்டை ஆண்டுக்கொருமுறை தைப்பது. அழுத்துறை நாள்தோறும் உள்ளது. எனவே பட்டுக்கு வழிவிடுதல் முறை என அவள் துணிவது சட்டைக் கழற்றல் எனப்படும்.

மணவீட்டார் விழியே இவ்வகையுள் நீளம் மிக்கது. மகளைப் பார்க்க வருகிறார்கள். தாய்க்குப் புற்று இருந்ததென்று தெரிந்தால் வழிவழி வருமோ என்று தயங்குவர். ஆகவே அவர்கள் குளம்பி அருந்தி எழும்வரை உறை பேழைக்குள். இது குறுங்கழற்றல். பேச்சு முடிந்தது, பூச்சூட்டு வைத்தார்கள், மண்டபம் பார்த்தார்கள், தாலி ஏறியது, மறுவீடு, விருந்து, தலையாடி. ஒவ்வொன்றிலும் மணவீட்டார் உளர். குறுங்கழற்றல் ஒன்றோடொன்று புணர்ந்து நெடுங்கழற்றலாகும். புணர்ச்சியில் இடைநின்ற அணிநாட்கள் கெடும். இதற்கு முடிவு எப்போது என்றால், பேரன் பிறந்து அவன் குளிப்பாட்டப்படும்பொழுது ஈரவினைக் கழற்றலாகத் திரியும்.

நான்காவது விலைக் கழற்றல். கழுவக் கழுவ, இழுக்க இழுக்க நூலின் பிடிப்பு தளரும்; ஏறத்தாழ 6 திங்களிற் புதியது வேண்டும். ஒன்று கையில் இருக்க ஒன்று கொடியில் உலர்தற்கு இரண்டு வேண்டும். ஒன்றே வாங்கினாள் எனின், அது உலரும்வரை நிகழ்வது கொடிக் கழற்றல். கை அளந்து தைப்பித்தது விலை மிகும் என்று கடையிற் சிறிது, நடு, பெரிது என்னும் மூன்றனுள் ஒன்றை வாங்கினாள் எனின், மேல்விளிம்பு சுருண்டு கயிறுபோற் புயத்தை வெட்டும், விரல்கள் வீங்கும். இது புண்படு கழற்றல், இவ்வுறையைக் கழற்றுதலே நன்று. பழைய உறையையே 2 ஆண்டு அணிவது தளர்வணி. 20 முதல் 30 வரை பாதரச மில்லிமீட்டர் அளவில் அழுத்த வேண்டிய உறை, வெறும் துணியாகிக் கையில் தொங்கும். எளிதில் ஏறும், உறுத்தாது, வியர்க்காது. அவளுக்கு மிக விருப்பமானது. உடலால் அணிந்து பயனாற் கழற்றியது என இதனைக் கழற்றலுள் அடக்குக.

அமெரிக்காவில் முதியோர்க்கான அரசு மருத்துவக் காப்பீடாகிய மெடிகேர் நெடுங்காலம் அழுத்துறைக்குப் பொருள் தரவில்லை. நோயுற்றோர் பல்லாண்டு முறையிட்டு, 2022-இன் இறுதியிற் சட்டம் நிறைவேறி, 2024 தொடக்கத்தினின்று 6 திங்களுக்கு 3 பகலுறை தரப்படுகிறது. கழற்றியலின் ஒரு வகையைக் குறைக்க ஒரு நாட்டின் பேரவை கூடியதற்கு இது மேற்கோள். எஞ்சிய ஐந்துக்கு அவை இன்னும் கூடவில்லை.

ஐந்தாவது விடைக் கழற்றல். விடை என்றது மருத்துவர் தரும் இசைவு. இவ்வகையில் அவள் கட்டளைப்படியே நடந்தாள் என்பதை மறவாதே.

நீர் தேங்கிய கையில் சிறு கீறல் பட்டாலும் நுண்ணுயிர் புகும். கை சிவந்து, கனன்று, குளிர்காய்ச்சல் வரும். மருத்துவர் மருந்து எழுதி, வலி தணியும்வரை உறையைக் கழற்றுங்கள் என்பார். கழற்றினாள். வலி தணிந்தது. மீண்டும் அணியுங்கள் என்று கூறவேண்டியவர் யார்? காய்ச்சலுக்கு மருந்து தந்தவர் பக்கத்துத் தெரு மருத்துவர். அவர் காய்ச்சலை முடித்தார். அறுத்தவர் புற்று மீளவில்லை என்று கண்டு அடுத்த நாள் குறித்தார். கதிர் கொடுத்தவர் தோலைப் பார்த்தார். பிசியோ முதற்பகுதியோடு ஏட்டை மூடினார். மார்பு ஒருவருடையது, குருதி ஒருவருடையது, கை எவருடையதும் அன்று. இங்ஙனம் தொடங்க ஆணை உண்டு, முடிக்க ஆணை இல்லை என நிற்பது தொங்குவிடைக் கழற்றல்.

முரண்விடைக் கழற்றல் வேறு. அந்தக் கையில் ஊசி போடாதே, குருதி அழுத்தம் பார்க்காதே, வானூர்தியில் ஏறாதே என்று ஒருவர் ஓதினார். கை வீங்கும் வாய்ப்புடையோரை அளந்து 2016-இல் வெளிவந்த ஆய்வு இவற்றுக்கும் வீக்கத்துக்கும் தொடர்பு காணவில்லை என்று மற்றொருவர் ஓதினார். இருவரையும் கேட்டவள், ஊசி பற்றிக் கூறியது மாறிற்று, உறை பற்றிக் கூறியதும் மாறும் என முடிவுசெய்து, அம்மாற்றத்தை முன்கூட்டியே செயற்படுத்தினாள். அளவையியலில் இதற்கு இடமில்லை, கழற்றியலில் உண்டு.

மூன்றாவது உயிர்விடைக் கழற்றல். உயிர் தப்பியதே பெரிது, கை கிடக்கட்டும். இதனைக் கூறுவோர்: கணவன், நாத்தூண், பேருந்தில் அருகமர்ந்தவள், சில பொழுது மருத்துவர். எப்பொழுதும் கூறுவாள் அவளே. அடுத்த படுக்கையிற் கிடந்து மீளாதவளை அவள் அறிவாள். அம்மீளாதவள் நினைவின் முன்னே தன் கையைப் பற்றி முறையிட நா எழுமோ? கை வலிக்கிறது என்று சொல்வதே பெற்ற உயிருக்கு நன்றி கொன்றதாக அவளுக்குப் படும். முறையிடாதவள் அளக்கப்படாள், அளக்கப்படாத கை ஏட்டில் ஏறாது, ஏட்டில் ஏறாத வீக்கத்துக்கு உறை எதற்கு என்று அது பேழைக்குட் செல்லும். இவ்வுட்பிரிவு பிற எல்லாவற்றோடும் உடன்நிகழும் ஆற்றலுடையது. இதனைத் தனியே எடுத்துக் காட்டுதல் அரிது.

ஆறாவது வீண்கழற்றல். தலைவலிக்கு மருந்துண்டவள் தலைவலி போகக் காண்பாள். அழுத்துறை அணிந்தவள் காண்பது யாது? ஓராண்டு தவறாமல் அணிந்தபின் பிசியோ நாடாவால் அளப்பார். போன ஆண்டு இருந்த அளவே இருக்கும். மிக நன்று என்பார். ஓராண்டு வியர்த்து, மாவுக்கு உரித்து மாட்டி, அயலார்க்கு விடையிறுத்து ஈட்டிய பயன், ஒன்றும் நிகழாமை. இரண்டாம் பகுதியின் நோக்கமே மிகாமற் காத்தல். காத்ததைக் கண்ணாற் காண இயலாது. ஆகவே வென்றவளுக்கும் தோற்றதுபோலவே தோன்றும். இதிற் பிறப்பது மாறாமைக் கழற்றல்.

அதன் எதிர்மறை பொறுத்தற் கழற்றல். ஒரு நாள் அணியவில்லை. கை ஒன்றும் செய்யவில்லை. இரு நாள், அப்பொழுதும் இல்லை. கை அன்றே ஒறுக்குமாயின் அவள் அன்றே திருந்துவாள். அது பொறுத்திருந்து, கிழமை கழித்து, மோதிரம் இறுகுவதாகவும் வளையல் ஏறாததாகவும் காட்டும். அதற்குள் அவள் ஊருக்குப் போய் வந்திருப்பாள், வெயில் மிகுந்திருக்கும், உப்பு கூடிய ஊறுகாய் உண்டிருப்பாள். வீக்கத்துக்கு ஊறுகாயே கரணியம் என்று உறுதிப்படும். ஊறுகாய் விலக்கப்படும். உறை அணியப்படாது.

இனி மடிக் கழற்றல். மடி என்பது சோம்பல். சோம்பலாற் கழற்றுவது இவ்வகை என்பர், மருத்துவச் சீட்டில் ஒத்துழைக்கவில்லை என எழுதுவோரும், உங்களுக்குத்தான் அக்கறையில்லை என்று மாமியார் முன் கடிவோரும். பெரும்பாலார் கூற்றாதலின் இதற்கு ஓரிடம் ஒதுக்கி, உட்பிரிவு மூன்றும் அமைத்தோம்: காலை மடி, மாலை மடி, முழுமடி. எடுத்துக்காட்டுத் தேடினோம். கொணர்ந்த ஒவ்வொன்றையும் உரைத்துப் பார்க்க, ஒன்று ஈரவினையாயிற்று, ஒன்று கொடிக் கழற்றலாயிற்று, ஒன்று தொங்குவிடையாயிற்று. விடியுமுன் எழுந்து நீர் பிடித்து நால்வர்க்கு உணவு கட்டிக் கொடுத்தவளை முழுமடியிற் சேர்க்க வரையறை இடந்தரவில்லை. ஆதலின் இவ்வகை பெயரளவில் நிற்கும். இடம் வெறுமையாக விடப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டுக் கிடைப்பின் எழுதிக்கொள்க.

புறனடை. வகர ஆறனுள் அடங்காது நிற்பது துணையறு கழற்றல். இரவில் உறைக்கு மாறாகக் கட்டுப் போடுவாரும் உளர். பஞ்சு சுற்றி, அதன்மேல் அதிகம் நீளாத கட்டுத்துணியை விரலினின்று புயம்வரை படிப்படியாகச் சுற்றுதல் வேண்டும். ஒரு கையால் ஒரு கைக்கு அதனைச் செய்து பார். மகள் செய்வாள். மகளுக்கு மணமானால், மருமகளைக் கேட்கலாமா என்னும் வினா எழும். அவ்வினாவுக்கு விடை கிடைக்கும்வரை கட்டு இல்லை. கணவன் சுற்றின் தளரும் அல்லது நெரிக்கும். வேற்றுக்கை என்று பெயரிட்டால் இதுவும் வகரத்துள் அடங்கும் என்று கூறுவார் கூற்றை ஆய்ந்து வருகிறோம்.

இனிப் பயிற்சி வினா. அகவை 52, ஆம்பூர், காலணித் தொழிற்சாலையிற் பசை தடவும் பணி, உறை ஒன்றே உண்டு. செவ்வாயன்று காய்ச்சல் தணிந்தது. அறுவை மருத்துவர் குறித்த நாள் 4 திங்கள் கழித்து. வெள்ளியன்று அண்ணன் மகளுக்குப் பூச்சூட்டு. வியாழனன்று உறையைத் துவைத்துக் கொடியிற் போட்டாள். ஞாயிறு மாலை அது கொடியிலேயே இருக்கக் கண்டோம். நிகழ்ந்த கழற்றல்களை வகையும் உட்பிரிவும் காட்டி எழுதுக. ஒன்றுக்கு மேற்பட்டவை வருமாயின், எது முந்தியது என்பதையும் சுட்டுக.